எழுபது, முப்பது

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கிருந்த தாவரவியல் ஆசிரியைக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. "மேப்புக்குக் கலர் அடிக்கிறவங்க" என்று என் மாணவிகள் காதுபடவே சொல்லுவாள்.

அந்த வருடம் பிரின்சிபால் எங்கள் இருவரையும் சேர்த்து, நகரத்துக்கு மேற்கே ஒரு மலையடிவாரப் பொட்டலுக்கு அனுப்பினார்; அவள் செடிகளைக் கணக்கெடுக்க, நான் வரைபடம் போட. பொட்டலின் தென்மேற்கு மூலையில் ஓர் இரும்பு முளை அடித்தேன். எதை அளந்தாலும் அதிலிருந்துதான். மூன்றாம் நாள் அவள் பாறையிடுக்கில், விரல் உயரத்தில் ஊதாப் பூவோடு ஒரு செடியைக் கண்டுபிடித்தாள். இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத செடி என்றாள். நான் டேப் பிடித்து அளந்து, "எழுபது, முப்பது" என்று கத்தினேன். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதிய அறிக்கையில் என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன்.

"நீங்க டேப்புதானே பிடிச்சீங்க? அதுக்கெல்லாம் பேரு போடுவாங்களா?"

ஒரு மாதம் கழித்து, செடியைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மழை பெய்து புல் முழங்காலுக்கு வளர்ந்து பாறைகளை மறைத்திருந்தது. அவள் நோட்டைப் பிரித்துக்கொண்டு முளையிலிருந்து கிழக்கே எழுபது மீட்டர் நடந்தாள். பிறகு வடக்கே முப்பது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பாடத்தில் அட்சரேகைதான் முதலில். வடக்கு தெற்கு சொல்லிவிட்டுத்தான் கிழக்கு மேற்கு. நான் சொன்னது வடக்கே எழுபது, கிழக்கே முப்பது. அவள் கிராப் தாளில் பழகியவள். முதல் எண்ணைக் குறுக்கே வைத்துவிட்டாள்.

ஒரு வார்த்தை போதும். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மண்டியிட்டுப் புல்லை விலக்கி விலக்கித் தேடினாள். "இங்கனதான் சார் இருந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "சரியாத்தானே அளந்தீங்க?" என்றாள்.

"எழுபது, முப்பதுதான். உங்க நோட்டுலயே இருக்கே."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி செடிய நல்லாப் பாத்துட்டு லெட்டர் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவள் முகம் செத்துப்போயிற்று. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் என் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். நான் செடியைக் குறித்திருந்த புள்ளியில் விரலை வைத்தாள்.

"தெரிஞ்சேதான் நின்னீங்களா?"

"டேப்பு பிடிக்கிறவகிட்ட இம்புட்டுக் கேள்வி எதுக்கு?"

"ச்சீ" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரமே தனியாகப் பொட்டலுக்குப் போய், சரியான இடத்தை அளந்து பார்த்திருக்கிறாள். ஆடுகள் மேய்ந்து பாறையிடுக்கில் வேர்கூட மிச்சமில்லை. அதற்குப் பின் அந்தச் செடி யார் கண்ணிலும் படவில்லை. ஒரே அறையில் இன்னும் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தோம். பேச வேண்டியதை அட்டெண்டர் வழியாகச் சொல்லி அனுப்பினோம். செடியை நினைத்துச் சில நாள் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. அவளை நினைத்து அப்படி ஆனதில்லை.