பதினொன்றாம் வகுப்பும் ஃபிட்டர் வேலையும்

அந்த வருடம் எங்கள் குவார்ட்டர்ஸில் டிப்ளமோ படிக்கத் தேவையான தகுதி எல்லாமே இருந்தது. பாதி என் கணவரிடம், பாதி என்னிடம்.

அவர் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஃபிட்டர் ட்ரேடு பயிற்சி முடித்து, சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் பெர்மனென்ட் ஆகியிருந்தார். நான் வடலூரில் பதினொன்றாவது, அதாவது அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி, பாஸ் செய்தவள். கணக்கில் வகுப்பிலேயே முதல். மேலே படிக்கிறேன் என்று அழுது பார்த்தேன். அப்பா குவார்ட்டர்ஸ் உள்ள மாப்பிள்ளையாகப் பார்த்து அனுப்பிவைத்துவிட்டார்.

வேலை செய்பவர்களுக்காக டவுன்ஷிப்பில் மாலை நேர டிப்ளமோ வகுப்பு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும், அவரைவிட எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எஸ்எஸ்எல்சியும் வேண்டும், ஒர்க்‌ஷாப் அனுபவமும் வேண்டும் என்றார்கள். ட்ரேடு சர்டிபிகேட்டைப் பள்ளிப் படிப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனுஷன் மறுபடி பள்ளிப் பாடத்தைப் படித்து, தனியாகப் பரீட்சை எழுதினால்தான் உள்ளே நுழையலாம். இல்லையென்றால் ஆயுசுக்கும் ஃபிட்டர்தான். நேற்று மீசை முளைத்த டிப்ளமோக்காரன் வந்து வேலை ஏவுவான்.

நான் வாத்தியாரானேன். பொறுமை இல்லாத வாத்தியார். விடிகாலையில் தொடங்கும் ஏ ஷிப்ட் முடிந்து மத்தியானம் வருவார். மூக்கு நுனி வரைக்கும் கரித்தூள் இருக்கும். குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் இரண்டாவது கணக்கில் தலை தொங்கும்.

“எக்ஸ் எவ்வளவுன்னு தெரிஞ்சி நான் எந்த நட்டக் கழட்டப்போறேன்?” என்பார்.

“கழட்டறதுக்கு இல்லீங்க. கழட்டச் சொல்றதுக்கு” என்பேன்.

அடுத்த வாரம் ராத்திரி ஷிப்டுக்கு மாறும். பகலெல்லாம் தூங்குவார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். எழுப்பவும் மனம் வராது, விட்டுவைக்கவும் மனம் வராது. அந்த நேரத்தில் அவருடைய பயிற்சிப் புத்தகங்களை எடுத்துப் புரட்டுவேன். கியர், பேரிங், பல் எண்ணிக்கை, சுற்று எண்ணிக்கை. கணக்கு எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாமானைத்தான் கண்ணால் பார்த்ததில்லை. அவர் எழுந்ததும் கேட்பேன். சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டுவார்.

“ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?”

“சும்மா, தெரிஞ்சிக்கத்தான்.”

சும்மா இல்லை. எனக்கு அந்தப் படிப்பு வேண்டியிருந்தது. அவருக்காக வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை கணக்கில் போனது. இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அடுத்த தடவை பாஸ் செய்தார். சீட்டுக்கு நேர்முகம் என்று வரச் சொன்னார்கள். குழந்தையோடு நானும் போய், ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். உள்ளே மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டது காதில் விழுந்தது: ஒரு எண்ணை மூன்றால் பெருக்கி ஏழைக் கூட்டினால் ஐம்பத்திரண்டு, அந்த எண் எது?

என் கணவர் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இதைவிடக் கஷ்டமானதைப் போட்டவர்தான். எனக்குத் தாங்கவில்லை.

“பதினஞ்சு” என்றேன், ஜன்னல் வழியாக.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் என்று கேட்டார்கள். “சம்சாரங்க. எஸ்எஸ்எல்சி” என்றார் அவர், தலை குனிந்தபடி.

“அப்ப சீட்ட இவங்களுக்குத்தான் குடுக்கணும் போல” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. “குடுப்பீங்களா சார்?” என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. நடுவில் இருந்தவர் நல்ல மனிதர், கோபப்படாமல் பதில் சொன்னார். “ஒர்க்‌ஷாப் அனுபவம் வேணுமேம்மா.”

“அது எங்க சார் கெடைக்கும்?”

“ட்ரேடு ட்ரெயினிங் முடிச்சிட்டு வேலைக்கு வரணும்.”

“அந்த ட்ரெயினிங்ல பொம்பளைங்கள சேத்துக்கறாங்களா?”

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம் திரும்பி வேறொரு கணக்குக் கொடுத்தார். இவர் வியர்க்க வியர்க்கப் போட்டார், சரியாகவே போட்டார். சீட்டு கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் வயிறும் எரிந்தது.

திரும்பும்போது சைக்கிளில் குழந்தை முன்னால், நான் பின்னால். மிதித்துக்கொண்டே அவராகவே ஆரம்பித்தார்.

“கோவிச்சிக்காத. அங்க சொல்லித் தர்றத எல்லாம் அன்னன்னிக்கே வூட்டுல ஒனக்குச் சொல்லித் தரேன். நீயும் படிச்சிக்கினே வா.”

“சரிங்க. பரீட்சைய யாரு எழுதறது?”

அவர் பெடலை வேகமாக மிதித்தார். எங்கள் பிளாக் திருப்பம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கேட்டேன்.