குமிழி கண்டால் கட்டைவிரல்

என் அக்கா வீட்டுக்காரர் பஞ்சர் ஒட்டுபவர். கடை வாசலில் ஓர் இரும்புத் தொட்டி, அதில் எப்போதும் கலங்கிய தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் எப்போதும் அவருடைய இரண்டு கைகள். அதனால் எல்லோருக்கும் அவர் 'தொட்டிக்காரர்'. டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிச் சுற்றுவார். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கே கட்டைவிரல் போய் உட்கார்ந்துவிடும். மூளையிடம் அனுமதி கேட்பதெல்லாம் கிடையாது. ஒருமுறை விருந்தாளிக்கு ஊற்றி வைத்த சோடாவிலேயே விரலை விட்டுவிட்டார். கண்ணால் பார்த்தவன் நான்.

இப்பேர்ப்பட்டவருக்கு, நிறைய டயர் விற்றதற்காக, டயர் கம்பெனிக்காரர்கள் தீவு விடுதி ஒன்றில் ஜோடியாகத் தங்கவும், முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பார்க்கவும் சீட்டு கொடுத்தார்கள். "கடையை யார் பார்க்கறது?" என்றார் அத்தான். அக்கா என்னைக் கை காட்டினாள். எனக்கு டயரைக் கழற்றத் தெரியும், திரும்ப மாட்டத் தெரியாது. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

அக்கா கடையின் பின்கட்டில் வண்டி சீட்டுக்கு உறை தைப்பவள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கடலாமை நீந்துவதை அதன் இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். சாப்பிடும்போதும் கைப்பேசியில் ஆமைதான். அவள் வாய்விட்டுக் கேட்டு நான் அறிந்த ஆசை இது ஒன்றுதான் என்பதால், வாயை மூடிக்கொண்டு தொட்டிப் பக்கம் உட்கார்ந்தேன். தீவில் நடந்ததைத் திரும்பி வந்து இருவரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே சொன்னார்கள். இரண்டையும் ஒட்டி உங்களுக்குச் சொல்கிறேன்.

விடுதி அறையில் துண்டை வாத்து மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்களாம். அதைக் கலைக்க மனம் வராமல் அத்தான் சட்டையாலேயே தலை துவட்டிக்கொண்டாராம். நல்ல மனிதர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

முதல் பயிற்சி நீச்சல் குளத்தில். சொல்லிக்கொடுத்த பெண் கறாரானவள். "ஜோடியாதான் இறங்கணும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கணும். ஒருத்தர் தேறலைன்னா ரெண்டு பேருக்கும் கடல் கிடையாது" என்றாள். கண்ணையும் மூக்கையும் மூடும் நீச்சல் கண்ணாடியில் பனி படியாமலிருக்க உள்ளே எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னாள். அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வால்வில் எச்சில் தடவிக் காற்றுக் கசிவைப் பார்க்கிறவர் அல்லவா? "இது நம்ம தொழில்தான்டி!" என்றார்.

தண்ணீருக்குள் தலை போனது. அக்கா மூச்சு விட்டாள். வாயில் கவ்வியிருந்த கருவியின் இரண்டு பக்கமும் குமிழிகள் குபுகுபுவென்று கிளம்பின. அத்தானின் இரண்டு கட்டைவிரல்களும் பறந்து போய் இரண்டு பக்கத்தையும் அடைத்தன. அக்கா கண் பிதுங்க எழுந்து நின்று இருமினாள். நல்லவேளை, குளத்தில் இடுப்பளவுதான் தண்ணீர்.

"அது ஓட்டை இல்லைங்க! அவங்க விடற மூச்சு அப்படித்தான் வெளிய வரும்!" என்று கத்தினாள் பயிற்சிக்காரப் பெண்.

"எனக்குத் தெரியுதும்மா. விரலுக்குத் தெரியலை."

அடுத்த தடவை அக்காவை விட்டுவிட்டார். பயிற்சிக்காரப் பெண்ணையே அடைத்துவிட்டார்.

"மறுபடி இப்படிச் செஞ்சா நீங்க ரெண்டு பேரும் கரையில உட்கார்ந்து அலையை எண்ணலாம்" என்றாள் அவள். அறைக்கு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஆமையைப் பார்க்காம நான் திரும்பினா, உங்க தொட்டியைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். ஆமா!" பிறகு வழியும் அவளே சொன்னாள். கையைக் கட்டி, கட்டைவிரல்களை அக்குளுக்குள் சொருகிக்கொள்ள வேண்டும். மறுநாள் தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் பையனைப் போல அத்தான் குளத்தடியில் அடங்கிக் கிடந்தார். தேறிவிட்டார்கள்.

கடலுக்குள்ளும் அப்படியேதான். கை கட்டியபடி அக்காவின் குமிழிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாராம். வண்ண மீன் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

ஆமை வந்தது. பெரிய ஆமை. அடியில் இருந்த புல்லை மேய்ந்துவிட்டு நிதானமாக அக்காவுக்கு நேராக நீந்தி வந்தது. அக்கா மெய்மறந்து போனாள். அப்படியே மூச்சையும் நிறுத்திவிட்டாள்.

குமிழி நின்றுபோனது.

அத்தான் கையை அவிழ்த்து, அக்காவின் தோளைப் பிடித்து, மாங்காய் மரத்தை உலுக்குவது போல உலுக்கிவிட்டார். அக்காவுக்கு மூச்சு வந்தது. ஆமை போன இடம் தெரியவில்லை.

படகில் ஏறியதும் அக்கா வெடித்தாள். "கண்ணு முன்னாடி வந்த ஆமையை விரட்டிட்டீங்களே! நீங்க மனுஷனா?"

அத்தான் நீச்சல் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் கண்ணீர் மூக்கு வரை ஏறி நின்றது. "வாழ்நாள் பூரா குமிழி வந்தாதான் எனக்குப் பதறும்" என்றார் மெதுவாக. "இன்னைக்கு நின்னுச்சு பாரு. எனக்கு உசுரே போயிடுச்சு."

"கீழே மூச்சை நிறுத்தவே கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? அவர் செஞ்சது சரிதான்" என்றாள் பயிற்சிக்காரப் பெண் அக்காவிடம். பிறகு அவளுக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, "இவர் கரையில இருக்கட்டும். நாளைக்கு உங்களுக்கு ஜோடியா நான் வரேன். ஆமையை நிம்மதியா பாருங்க" என்றாள்.

அக்கா அத்தானின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கடலில் கொட்டினாள்.

"வேண்டாம். இவரே வரட்டும்" என்றாள்.

மறுநாள் ஆமை வரவே இல்லையாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்காகவா நான் கைத்தோல் உரிய டயர் மாட்டினேன்?

"உனக்கு வருத்தமாவே இல்லையாக்கா?" என்றேன்.

"இருக்காதா பின்னே?" என்றாள். "ஆனா எனக்கு மூச்சு வருதா, வருதான்னு ஒரு ஆளு கண்ணு கொட்டாம பார்த்துட்டே கூட வந்தாருடா. அதை நான் எந்த ஆமைகிட்ட போய்க் கேட்பேன்?"