சோத்துக்கைத் துவக்கு

நான் கட்டை. கலியாணப் படத்தில் என்னை ஒரு பலகைத் துண்டில் ஏற்றித்தான் மனைவியைவிட உயரமாகக் காட்டினார்கள். கையும் கட்டை. குளிர்க் கோட்டை நானும் அவளும் மாறி மாறிப் போட்டுக்கொள்வோம். ஐம்பது தாண்டியதும், ஒரு பொருளாவது என் அளவுக்கென்று செய்விக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அது துவக்காக அமைந்தது.

வேலையிடத்து நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போய்ப் பழகியிருந்தேன். அதிலும் குழலின் வாய்வழியே வெடிமருந்தும் ஈய ரவையும் போட்டு, கோலால் இடித்துச் சுடுகிற பழைய மாதிரித் துவக்கு என்றால் எனக்கு ஒரு பைத்தியம். வன்னியில் இதை இடியன் என்பார்கள். நான் பழகியது இரவல் இடியனில். அது என் கைக்கு நீளம். சுடும்போதெல்லாம் பொறி வேறு கன்னத்தில் தெறிக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் ஆக்கும் என்று பேசாமல் இருந்தேன்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். நீங்கள் போய்த் துவக்குச் செய்விக்கிறீங்கள்," என்றாள் மனைவி. ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

நாங்கள் அகதியாக வந்து குடியேறிய லாசாலில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி, கதவு யன்னல் செய்கிற பட்டறைக்குப் பின்னால், இடியன் செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள். என் மகளின் வயதுதான் இருக்கும். முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளந்தாள். கழுத்தை அளந்தாள். எந்தத் தையற்காரரும் என்னை இவ்வளவு மரியாதையாக அளந்ததில்லை. கடைசியாக, "எந்தக் கையால் சாப்பிடுவீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இதென்ன கேள்வி? "வலது கையால்," என்றேன், கொஞ்சம் ரோசத்தோடு. எழுதிக்கொண்டாள்.

ஒன்றரை வருடம் காத்திருந்தேன். இந்த இலையுதிர்கால வேட்டைக்குச் சொந்தத் துவக்கோடு வருவேன் என்று நண்பர்களிடமெல்லாம் வாய் கிழியச் சொல்லியும் விட்டேன். செப்டெம்பரில், வந்து தோளில் வைத்துப் பாருங்கள் என்று அழைப்பு வந்தது. மரக்கறிக் கடைக்குப் போகிற வழியில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். "நான் உள்ளுக்கு வரமாட்டன்," என்றவள், வெளியே காற்றுத் தாங்காமல் வந்து கதவோரம் நின்றாள்.

துவக்குப் பிடியின் மேப்பிள் மரத்தில் புலிவரி ஓடியது. இன்னும் எண்ணெய் பூசவில்லை. ஆசையோடு தூக்கி இடது தோளில் வைத்தேன்.

பெண்ணின் முகம் கறுத்துவிட்டது. "வலது என்றீர்களே!"

"நீங்கள் சாப்பாட்டைத்தானே கேட்டீர்கள்!"

நான் பிறவி இடக்கையன். எழுதுவது, எறிவது, ஆணி அடிப்பது எல்லாம் இடது. சாப்பாடு மட்டும் சோத்துக்கையால். அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சமல்ல. வலக்கையா இடக்கையா என்று நேரே கேட்டால் ஆட்கள் தடுமாறுவார்கள், கரண்டி பிடிக்கும் கையைக் கேட்டால் பிழை வராது என்பது அந்தப் பெண்ணின் கணக்கு. எங்கள் ஊரில் இடது கைக்கு என்ன வேலை என்று அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். நடித்துக் காட்டத் தொடங்கியதும், "காணும், நிப்பாட்டுங்கோ," என்றாள் மனைவி.

மருந்தைப் பற்றவைக்கும் இரும்பு வலப்பக்கம், கன்னம் வைக்கும் மேடு இடப்பக்கம். இடது தோளில் வைக்கும் எனக்கு எல்லாம் தலைகீழ்; பற்றும் இரும்பு கன்னத்தோடு ஒட்டி நின்றது. இரவல் துவக்கு ஏன் கன்னத்தைச் சுட்டது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"வலது தோளுக்குப் பழகலாம்," என்றாள் பெண், மெதுவாக.

"சாப்பாட்டுக்கு ஒருக்கா மாத்தினது காணும்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகை வந்தது. நான் சொன்னதை மனைவி பிரெஞ்சில் சொன்னாள். புதிதாகச் செய்ய இன்னொரு வருடம் ஆகும், இதை மூலையில் போட வேண்டியதுதான் என்றாள் பெண்.

"இவ்வளவு வடிவாச் செய்ததையோ?" என்றாள் மனைவி.

கதவோரத்திலிருந்து வந்தாள். மரத்தை ஒருமுறை தடவினாள். பிறகு தூக்கி வலது தோளில் வைத்தாள். கன்னம் மேட்டில் போய் அமர்ந்தது. ஒரு கண் தானாக மூடியது. பெண் ஓடிவந்து அவளுடைய முழங்கையைச் சற்று உயர்த்திவிட்டு, "பார்ஃபே, மடாம்!" என்றாள். அளவு அச்சொட்டாம்.

என் கையை அளந்து, எனக்கென்று செய்தது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

எனக்கென்று இன்னொன்றுக்கு, இந்த முறை இடது என்று, சொல்லிவிட்டு மரக்கறிக் கடைக்கு வந்தோம். காரை நிறுத்தியதும் மனைவி கேட்டாள்:

"உங்கட துவக்கு எப்ப வருமாம்?"