வேரோனிக்கா சுமந்த அரிசி

வேரோனிக்கா குடியிருக்கும் பக்கத்தில் மலை என்று ஒன்றும் கிடையாது. பிளாசா, கார் நிறுத்துமிடம், அப்பார்ட்மென்ற், அதற்கப்பால் இன்னொரு பிளாசா. கனடாவில், ஸ்காபரோவின் அந்த மூலையில் பந்தை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஐம்பத்திரண்டு வயதுப் பெண், எக்குவடோர் நாட்டுக்குப் போய்க் கொட்டோபக்சி என்கிற எரிமலையில் ஏறுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். அடியில் நெருப்பு, உச்சியில் வருடம் முழுக்கப் பனி. அதுவரை அவள் ஏறிய உயரமான இடம் சி.என். கோபுரம்தான், அதுவும் எலிவேற்றரில்.

வாக்கு வாங்கியவள் மார்த்தா. அவளும் பஸ் ஓட்டுகிறவள், பிறந்தது எக்குவடோரில். அவளுடைய தம்பி அந்த மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி. கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்த் தம்பியோடு மலை ஏறப்போகிறேன், நீயும் வருகிறாயா என்று பஸ் டிப்போவில் தேநீர் குடிக்கும்போது சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். வாயில் இருந்த தேநீரை விழுங்க முதலே வேரோனிக்கா ஓம் என்றுவிட்டாள். யார் எதைக் கேட்டாலும் "இவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்றே பழகிய வாய் அது. அன்றைக்கு அதற்கு என்ன பிடித்ததோ.

"இவர்" என்பது புருசன் றொபேட். நல்ல மனுசன், பாசக்காரன், ஆனால் பயந்தாங்கொள்ளி. போன வருடம் நெஞ்சில் அடைப்பு வந்து ரத்தக்குழாயில் ஸ்ரென்ற் வைத்தார்கள். நடக்கலாம், மெல்லமெல்லப் படியும் ஏறலாம், ஏறத்தான் வேண்டும் என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். றொபேட் சோபாவிலிருந்து பிரிட்ஜுக்கும் பிரிட்ஜிலிருந்து சோபாவுக்கும் நடந்தான். மலை விசயத்தைச் சொன்னால் அவன் சத்தம் போடமாட்டான். முகம் தொங்கிப்போய் ஒரு மூலையில் இருப்பான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவளே "சரி, விடுங்கோ" என்றுவிடுவாள். நீச்சல் வகுப்பு அப்படித்தான் போனது, பாடகர் குழுவோடு மொன்றியல் போகவிருந்த பயணமும் அப்படித்தான் போனது. இந்தத் தடவை விடக்கூடாது என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது. ஆகவே சொல்லவில்லை.

மார்த்தாவின் தம்பி போனில் முகம் காட்டிப் பயிற்சி சொன்னான். முதுகில் பாரம் கட்டிக்கொண்டு படி ஏறு. ஆனால் அவசரப்படாதே. அந்த உயரத்தில் காற்று மெல்லியது, வீரம் காட்டி ஓடுகிறவர்கள்தான் தலையிடியும் வாந்தியுமாகப் பாதிவழியில் திரும்புவார்கள். கதைத்துக்கொண்டே ஏறக்கூடியதுதான் உன் வேகம், கதைக்க முடியாவிட்டால் நில்.

பாரத்துக்கு வீட்டில் பஞ்சமா? தமிழ்க் கடையில் வாங்கிய புழுங்கல் அரிசி மூட்டையைத் தூக்கி முதுகுப் பைக்குள் இறக்கினாள். காலைப் பிள்ளைகளை இறக்கியதற்கும் பின்னேரம் ஏற்றுவதற்கும் இடையில் வீட்டுக்கு வந்து, அப்பார்ட்மென்ற் படிக்கட்டில் அடியிலிருந்து மொட்டைமாடிக் கதவு வரைக்கும் ஏறினாள். கதைப்பதுதான் சங்கடமாக இருந்தது. யாரோடு கதைப்பது? தனியே புலம்பிக்கொண்டு ஏறினால் ஆளுக்கு விசர் என்பார்கள். யோசித்துப் பார்த்தாள். நிறுத்தாமல் அவள் வாயில் வரக்கூடியது செபமாலை ஒன்றுதான். சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஏறினாள். மூச்சு வாங்கி வார்த்தை அறுந்தால் நின்றாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அன்ரனெற் படிக்கட்டுக் கதவைத் திறந்தாள். அந்தக் கட்டிடத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு கறி தாளிக்கமுடியாது.

"என்னடி இது? எலிவேற்றர் பழுதோ?"

"இல்லையக்கா, ஓடுது."

அன்ரனெற் அரிசி மூட்டையைப் பார்த்தாள். வேர்த்த முகத்தைப் பார்த்தாள். கீழிருந்து செபமாலை ஏறி வந்ததை அவள் காதாலேயே கேட்டிருந்தாள்.

"நேர்த்தியோ?" என்றாள், குரல் தழுதழுக்க.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் சனத்திடம் மாதாவுக்கு வைத்த நேர்த்தி என்றால் அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்பதில்லை. வேரோனிக்காவும் "ம்" என்றாள். அந்த ஒரு "ம்" பட்ட பாட்டைப் பாருங்கள்.

அடுத்த கிழமை அன்ரனெற் தன் பங்குக்கு ஒரு சின்ன அரிசிப் பையோடு வந்து நின்றாள். மகளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் சரிவர வேண்டுமாம். அவளுக்குப் பின்னால் அதே கட்டிடத்துக் கிளடிஸ், முழங்கால் நோவுக்கு. முழங்கால் நோவோடு படி ஏறுவதைப் பற்றி மாதாவே சிரித்திருப்பார். வேரோனிக்கா செபத்தின் முதல் பாதி சொல்ல, மற்ற இருவரும் மறுபாதி சொல்ல, ஊர்கோலம் மேலே போனது. ஆனால் ஒன்று, அவர்களுக்காக மெல்ல ஏறியதில் அவளுக்கு மூச்சு நன்றாக வசப்பட்டது.

பூசை முடிந்து வரும்போது அன்ரனெற் றொபேட்டைப் பிடித்து, "உனக்காக அவள் படுற பாடு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டாள். அவன் வீட்டுக்கு வந்து கண் கலங்க நின்றான். "என்ரை நெஞ்சுக்காகவோ?" என்றான். வேரோனிக்கா அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து அவன் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான், காலுக்குத் தைலம் தடவிவிட்டான். அவள் வெட்கத்தில் செத்துப் பிழைத்தாள். சண்டை பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பனி உருகியதும் மார்த்தா விமான ரிக்கெற் போடவேண்டும் என்று நெருக்கினாள். இனி ஒளிக்கமுடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, அது நேர்த்தி இல்லை. நான் ஒரு மலை ஏறப் போறன். எரிமலை. அதுக்குத்தான் பழகினனான்."

றொபேட் கையிலிருந்த துவாயை மேசையில் வைத்தான்.

"அப்ப எனக்காக இல்லை."

"இல்லை. எனக்காக."

"புகையிற மலையோ?"

"புகைஞ்சால் ஏற விடமாட்டினமாம்."

"நான் வேண்டாமெண்டு சொன்னால்?"

அந்தப் பழைய "சரி, விடுங்கோ" தொண்டை வரைக்கும் வந்தது. வேரோனிக்கா அதை விழுங்கினாள்.

"அப்பவும் போவன்," என்றாள்.

அவன் எழும்பிப் போய்ச் சோபாவில் இருந்தான். முகம் தொங்கியது. அந்தக் கிழமை முழுக்க வீட்டில் பேச்சில்லை, தேத்தண்ணியும் இல்லை. அவள் உள்ளுக்குள் அழுதுகொண்டு பஸ் ஓட்டினாள், ஆனால் மார்த்தாவிடம் ரிக்கெற்றைப் போடச் சொல்லிவிட்டாள். அன்ரனெற்றிடமும் போய் உண்மையைச் சொன்னாள். ஏச்சு விழும் என்று பார்த்தால், அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேறொன்று சொன்னாள்.

"நேர்த்தி எண்டு வாயாலை சொல்லிப்போட்டாய். செபமாலையும் சொல்லி ஏறியிருக்கிறாய். இனி மலை ஏறாமல் விட்டால் மாதாவுக்கு ஆர் பதில் சொல்லுறது? போய் ஏறு. அவனோடை நான் கதைக்கிறன்."

என்ன கதைத்தாளோ தெரியாது. இரண்டு நாள் கழித்து வேரோனிக்கா மேலிருந்து அரிசியோடு இறங்கிவரும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரோ படியில் இருப்பது தெரிந்தது. றொபேட். சப்பாத்து நாடா ஒழுங்காகக் கட்டியிருந்தான். மடியில் பிளாஸ்ரிக் பைக்குள் ஒரு சின்ன அரிசிப் பக்கற்.

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். "என்னப்பா, ஏதும் செய்யுதோ?"

"ஒண்டுமில்லை. கதைக்க ஏலாட்டில் நிக்க வேணுமாம், அன்ரனெற் சொன்னவ. அதான் இருக்கிறன்."

"உதென்ன கையிலை?"

"நேர்த்தி." அவன் அவளைப் பார்க்காமல் கைபிடிக் கம்பியைப் பார்த்துச் சொன்னான். "நீ போய் ஏறிச் சுகமாய்த் திரும்பி வரவேணும். அதுவரைக்கும் நாளாந்தம் ஏறுவன்."

"நான் சொன்னது பொய்யப்பா."

"உன்ரை பொய்தான். இது என்ரை நேர்த்தி."

வேரோனிக்காவுக்குக் கண்ணீர் முட்டியது. முதுகுப் பையின் பட்டியை இறுக்கிக்கொண்டு, இறங்கிவந்த பக்கமே திரும்பினாள். றொபேட் கம்பியைப் பிடித்து எழும்பி, ஒரு படி ஏறி அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

"நீ முதல் பாதி சொல்லு," என்றான். "மெல்லமாய்."

அவள் தொடங்கினாள். மூன்றாம் மாடிக் கதவு வரைக்கும் அவன் ஒரு வார்த்தையும் அறாமல் மறுபாதி சொல்லிக்கொண்டு வந்தான்.