மூச்சுக்கு இறங்கிய எண்

ஒரு டிரையர் நிறைய தேயிலையைக் கருக வைத்தவள் நான். அதற்கு நெருப்பைத் தொடக்கூட இல்லை. சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றும், அதன்மேல் நகமளவு பூசிய கரிப் படலமும் போதுமாக இருந்தன.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன நான், பௌதிகவியல் இறுதி வருட ஆய்வுக்குக் கார்பன் நானோகுழாய்களை எடுத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கரிக் குழாய்கள். சூடு ஏறினால் அவற்றின் மின்தடை இறங்கும். தடையை அளந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். ஆய்வுகூடத்து மின் அடுப்பில் வாரக்கணக்காக வைத்துப் பார்த்து, எந்தத் தடைக்கு எத்தனை பாகை என்று அட்டவணை போட்டேன். ஒரு பாகைகூடப் பிசகவில்லை. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"அடுப்புக்குள்ள எல்லாம் சரியாத்தான் வரும். வெளியில ஒரு இடத்தில வச்சுப் பாருங்கோ" என்றார் என் ஆய்வை மேற்பார்த்த யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். எனக்குத் தெரிந்த இடம் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலைதான்.

அங்கே என் அண்ணன் டிரையர் வேலையில் நின்றான். கொழுந்து மூட்டை சுமந்துகொண்டிருந்தவனை, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் அப்போதுதான் அங்கே மாற்றியிருந்தார். மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்பது பேச்சு. அதில் இரண்டு மாதம் முடிந்திருந்தது. டீமேக்கரிடம் அனுமதி வாங்கித் தந்ததும் அவன்தான்.

"இந்தக் கரிக்காகவா புள்ள நாலு வருசம் படிச்ச? நம்ம அடுப்புல வண்டி வண்டியாக் கெடக்கே!" என்று சிரித்தான்.

டிரையரின் மேல்தட்டில் ஈரத் தேயிலை விழும். கீழிருந்து வரும் சூடான காற்று அதைக் காய வைத்துவிட்டு மேலே வெளியேறும். அந்த வாயில்தான் என் கண்ணாடித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்திலிருந்த பழைய வெப்பமானியின் முள் ஐம்பத்து நான்கு பாகை காட்டியது. என் அட்டவணையை ஏற்றி, கண்ணாடித் துண்டோடு கம்பியால் இணைத்திருந்த சிறு மீட்டரில் எண் முப்பத்தெட்டு.

"அண்ணே, சூடு காணாது. எல காயல, அவியுது. அந்த முள்ளு பழசாப் போச்சு."

அவன் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "கைக்குச் சரியாத்தானே இருக்கு?"

"கை என்னண்ணே கை? இது ஒரு பாகைகூடத் தப்பாது."

நான் கேம்பஸ் போனதிலிருந்து என் பேச்சை அவன் மறுத்ததே இல்லை. போய் அடுப்பில் விறகைத் தள்ளினான். என் எண் லேசாகத்தான் ஏறியது. "இன்னும் போடு" என்றேன். போட்டான். முள் போகும் இடத்தைப் பார்த்து ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான். நான் மறுபடியும் "இன்னும்" என்றேன்.

முதலில் வாடைதான் வந்தது. பிறகு டீமேக்கர் ஓடி வந்தார். கீழே கொட்டிய தூளை அள்ளி முகர்ந்தவர், "யார்டா அடுப்ப ஏத்தினது?" என்று கத்தினார்.

"நாந்தாங்க. என் தப்புதாங்க" என்றான் அண்ணன்.

நான் டிரையர் வாயை நோக்கித் திரும்பிக்கொண்டேன். கைகள் கண்ணாடித் துண்டைக் கழற்றிக்கொண்டிருந்தன. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, அதன்மேல் வாயால் ஊதினேன். வெளிக்காற்றில் கண்ணாடி அதற்குள் குளிர்ந்திருந்தது; மூச்சு அதைவிடச் சூடு, எண் ஏறியிருக்க வேண்டும். இறங்கியது. இன்னொரு தடவை ஊதினேன். இன்னும் இறங்கியது.

அப்போதுதான் புரிந்தது. ஆய்வுகூட அடுப்பு காய்ந்த அடுப்பு. இங்கேயோ இலையிலிருந்து ஆவி ஆவியாகக் கிளம்புகிறது. அந்த ஈரம் குழாய்களில் ஒட்டித் தடையை ஏற்றியிருக்கிறது, நான் அதைக் குளிர் என்று வாசித்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இலையில் ஈரம் இருக்கும் என்பதை மறந்துபோனேன். நினைத்தால் இப்போதும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

மறுநாள் காலை டீமேக்கரின் அறைக்குப் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் கண் முன்னாலேயே ஊதியும் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை.

"அண்ணனக் காப்பாத்தப் பாக்குறீங்க, நல்லதுதான். ஆனா மகள், படிச்ச நீங்க பிழை விட்டீங்க, அவன் விடலன்னு சொன்னா யார் நம்புவாங்க?" என்று என்னை அனுப்பி வைத்தார். படித்ததற்காகவே ஒருத்தியின் வாக்குமூலம் செல்லாமல் போகும் என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

அந்த வாரமே அண்ணனை விறகு பிளக்கப் போட்டார்கள்.

ஈரப்பதன் பிழையைப் பற்றி என் அறிக்கையில் தனி அத்தியாயமே எழுதினேன். ஆய்வின் சிறந்த பகுதி அதுதான் என்றார் விரிவுரையாளர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டபோது, "தொழிற்சாலையில் வைத்துப் பார்த்தபோது" என்று மட்டும் சொன்னேன். முதல் வகுப்பு கிடைத்தது.

ஊருக்கு வந்து அண்ணனிடம் அதைச் சொன்னபோது, விறகுக் கொட்டிலில் கோடரியைச் சாய்த்துவிட்டு, உள்ளங்கையில் ஏறியிருந்த சிராயை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தான். டிரையர் தகட்டில் வைத்துப் பார்த்த அதே கை. நிமிர்ந்து பார்த்தவன் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப நாம பாஸாயிட்டோமா புள்ள?" என்றான்.