மேல்நோக்கி உருண்ட லொறி

என் அக்காவின் கணவர் லொறி ஓட்டுகிறவர். வெலிமடையில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு ஏற்றிவந்து பதுளைச் சந்தையில் இறக்குவது அவருடைய தொழில். அத்தானோடு எதைப் பற்றியும் வாதாடலாம், ரோட்டைப் பற்றி மட்டும் கூடாது. “எந்த ரோட்டுல ஏத்தம், எந்த ரோட்டுல எறக்கம்னு என் காலுக்கே தெரியும்” என்பார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. அவர் சொல்வதில் பாதியையாவது மறுக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

போன வருடம் லுணுகலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அத்தானின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனோ, வழியில் டயருக்குக் காற்றடித்து, தெரிந்தவர்களோடெல்லாம் கதைத்து, பாதி வழிக்கு வரும்போதே நேரத்தைத் தின்றுவிட்டிருந்தார். முன் சீட்டில் அத்தான், நடுவில் அக்கா, ஓரத்தில் நான். அக்காவின் மடியில் சீர்த்தட்டு.

தோட்டத்து ரோட்டில் ஒரு செங்குத்தான இறக்கத்தில் இறங்கி வளைவில் திரும்பியதும் அத்தானின் போன் அடித்தது. தங்கைதான். ஓட்டிக்கொண்டே பேச அக்கா விடமாட்டாள். எதிரே ரோடு லேசாக மேலேறிப் போயிற்று. அத்தான் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார்.

“இந்தா வந்துட்டோம்மா. கோயில் கிட்ட வந்தாச்சு” என்று கூசாமல் பொய் சொன்னார். கோயில் இன்னும் இரண்டு மலைக்கு அந்தப் பக்கம்.

அப்போதுதான் தேயிலைச் செடிகள் மெதுவாகப் பின்னால் போவதைக் கவனித்தேன். லொறி நகர்ந்துகொண்டிருந்தது. பின்னால் அல்ல, முன்னால், அந்த ஏற்றத்தில்.

அத்தான் போனைக் காதில் வைத்தபடியே தலையை வெளியே நீட்டி, “யாருப்பா அது தள்ளுறது?” என்று கத்தினார். பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. பிரேக்கை மிதித்தார். லொறி நின்றது. காலை எடுத்தார். மறுபடியும் ஏறத் தொடங்கியது.

“மாரியம்மா!” என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஒனக்குத் தேங்காய் உடைக்கிறேன் தாயே, எங்கள உட்டுடு.”

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இப்படிப்பட்ட ரோடுகள் சில நாடுகளில் இருப்பதாக எங்கோ படித்திருந்தேன். உண்மையில் அது ஏற்றமே இல்லை. உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தானின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

“அத்தான், புறப்படும்போது விபூதி பூசினீங்களா?” என்று மெல்லக் கேட்டேன்.

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. பூசவில்லை.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே இறங்கி டயரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், லொறிக்கு அடியில் குனிந்து பார்த்தார். திரும்ப ஏறி, வளைவு வரை பின்னுக்கு எடுத்து, மறுபடியும் நியூட்ரலில் விட்டார். லொறி நல்ல பிள்ளையாய் மேலேறியது. நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

விறகுக் கட்டோடு ஒரு பெண் எதிரே வந்தார். அந்தத் தோட்டத்துக்காரர். நாங்கள் படும் பாட்டைப் பார்த்துக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

“இங்க அப்படித்தாங்க. எங்க வூட்டுக்காரரு சைக்கிள்ல வர்றப்ப இந்த ஏத்தத்துல பெடலே மிதிக்கமாட்டாரு. எறக்கத்துல திரும்பிப் போறப்பதான் மூச்சு வாங்கும்.”

“ஏன் அப்படி?” என்றார் அத்தான்.

“யாருக்குத் தெரியும்? காந்தம்ங்கிறாங்க, பேய்ங்கிறாங்க.”

பேய் என்றதும் அக்காவின் முகம் வெளுத்தது. இனியும் விளையாடினால் பாவம் என்று வாயைத் திறந்தேன். இது இறக்கம்தான், ஆனால் இதற்கு முன்னால் வந்த இறக்கம் மிகவும் செங்குத்து. அதற்குப் பழகிய கண்ணுக்கு இந்தச் சின்ன இறக்கம் ஏற்றமாய்த் தெரிகிறது என்றேன். எதிரே மலை மறைப்பதால் வானம் எந்த மட்டத்தில் முடிகிறது என்று தெரிவதில்லை. சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நிற்கின்றன. மரமென்றால் நேராகத்தான் நிற்கும் என்று மூளை நம்பிவிடுகிறது.

“அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?”

“கண்ணு பாவம் அத்தான். மூளைதான் அவசரப்பட்டு முடிவு கட்டுது.”

“ஒன் பள்ளிக்கூடப் புள்ளைங்ககிட்டப் போய்ச் சொல்லு.”

நிரூபித்துக் காட்டுகிறேன் என்று லொறியை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் கீழே இறக்கி, பாதி காலியான தண்ணீர்ப் போத்தலை ரோட்டில் படுக்க வைத்தேன். தண்ணீரின் மேல்மட்டம் எப்போதும் சமமாகத்தான் நிற்கும், அதை வைத்து ரோட்டின் சாய்வைப் பாருங்கள் என்றேன். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். விறகுக்காரப் பெண்ணும் குனிந்தார்.

“தண்ணியே சாஞ்சிருக்கே டீச்சர்!” என்று அத்தான் துள்ளினார்.

நானும் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. தண்ணீர் சாயாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் என் கண்ணெதிரே அது ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. எவ்வளவு நேரம் முறைத்தாலும் நேராகவில்லை.

போன் மறுபடியும் அடித்தது. அத்தான் எடுக்கவில்லை. அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கண்ணை இறுக்கிக் கட்டினார். அக்கா கையைப் பிடித்துக்கொள்ள, மெதுவாக நடந்தார். நான்கைந்து அடி போனதும் நின்றுவிட்டார்.

“எறக்கம்!” துண்டை மேலே தூக்கினார். “ஏத்தம்!” மறுபடி இறக்கினார். “எறக்கம்! ஏண்டி, இது எறக்கம்தான்டி! பாரு, காலு ஏமாறல! கண்ணுதான் மடையன்!”

சாமி வந்தவர் போலத் துண்டை ஏற்றியும் இறக்கியும் நடந்தார். விறகுக்காரப் பெண் சிரித்துச் சிரித்து ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“இப்ப நீ நட” என்று துண்டை என்னிடம் நீட்டினார். நடந்தால் என்ன? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அக்கா கட்டிவிட்டாள். கட்டு சரியில்லை என்று அவிழ்த்தாள், சேலையை இழுத்துவிட்டாள், என்னை அப்படித் திருப்பி இப்படித் திருப்பி மறுபடியும் கட்டினாள்.

“பாத்து நட. எறக்கம், வழுக்கும்” என்றார் அத்தான்.

நான் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, கால்விரல்களை ஊன்றி, கவனமாக இறங்கினேன். “நல்லாத் தெரியுது அத்தான். முழங்கால்ல பாரம் விழுது. சுத்தமான எறக்கம்.”

விறகுக்காரப் பெண் களுக்கென்று சிரித்தார். துண்டை அவிழ்த்தேன். என் மூக்குக்கு நேராக லொறியின் முகம் நின்றது. எனக்குப் பின்னால் நிற்கவேண்டிய லொறி! அக்கா என்னைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டிருந்தாள். நான் இவ்வளவு நேரமும் இறங்கிக்கொண்டிருந்தது உண்மையில் ஏற்றத்தில்.

“முழங்கால்ல பாரம் விழுந்துச்சா?” என்று அத்தான் அக்கறையாக விசாரித்தார்.

அக்காவைப் பார்த்தேன். பேய்க்குப் பயந்து நடுங்கியவள் முந்தானையைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சந்தான் இருந்தது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அத்தானின் தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“கோயில் கிட்ட வந்துட்டேன்னு சொல்லி எவ்வளவு நேரமாச்சுண்ணே? எங்க போனீங்க?”

“லொறி தானா மேல ஏறிருச்சும்மா.”

“குடிச்சிருக்கீங்களா?”

அவர் என்னைக் கை காட்டினார். “டீச்சரம்மாவக் கேளு. ஏத்தத்த எறக்கம்னு நடந்து காட்டுனதே அதுதான்.” அங்கிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள், நல்லவேளையாக, குழந்தையை மடியில் வைத்து ஒரு காதைக் குத்திவிட்டார்கள். அதன் அலறலில் என் விஞ்ஞானம் யாருக்கும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்தும் ஒருவரும் நம்பவில்லை. அத்தான் எல்லாரையும் லொறியில் ஏற்றினார். பட்டுச் சேலைகள், ஆசாரி, சந்தனம் பூசிய காதோடு அம்மாவின் தோளில் தூங்கிப்போன குழந்தை எல்லாரும் கரட் கூடைகள் கிடக்கும் இடத்தில் நின்றார்கள். வளைவுக்கு வந்து லொறியைத் திருப்பி நிறுத்தியதும் எஞ்சின் அணைந்தது. லொறி ஒரு கணம் யோசித்து, பிறகு மேல்நோக்கி உருளத் தொடங்கியது. பின்னால் எழுந்த கூச்சலில் தேயிலைக்குள்ளிருந்த குருவிகள் பறந்தன.

லொறி நின்றதும் பின்னாலிருந்து யாரோ முன்பக்கக் கூரையைத் தட்டினார்கள். அத்தானின் தங்கைதான்.

“அண்ணே, இன்னொரு தரம் போவோம்!”