பகுமே மாதத்துக் கோரிக்கைகள்

ஸெனெபெச்சுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அடிஸ் அபாபா மருந்துக் கிடங்கில் ஆறு வருடம் அவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள் நான். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை.

மருத்துவமனைகளுக்குப் போன் போட்டு, வேண்டிய மருந்தைக் கேட்டு எழுதுவது அவள் வேலை. அதை ஒழிக்கத்தான் மேலாளர் தெஸ்ஃபாலெம் ரெடிமேட் கனெக்டர் ஒன்றை வாங்கினார். மருத்துவமனைக் கணினிகளில் ஏபிஐ என்றொரு வாசல் உண்டு. சாவியைக் கொடுத்துவிட்டால் கனெக்டர் மணிக்கொரு தரம் அங்கே போய், புதுக் கோரிக்கைகளை அள்ளி வந்து எங்கள் பட்டியலில் போடும். புரோகிராம் எழுத வேண்டாம், நாலு கிளிக் போதும். வசதிதான், யார் இல்லையென்றது? எங்கள் எத்தியோப்பிய ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம், அது இதற்குத் தெரியுமா என்று வாங்கும்போதே ஸெனெபெச் கேட்டாள். உலகமே பயன்படுத்துகிறது, உனக்கு மட்டும் என்ன என்று அவள் வாயை அடைத்தார்.

பகுமே பிறந்தது. ஆண்டுக் கடைசியில் ஐந்தே நாள் வரும் பதின்மூன்றாம் மாதம். மூன்று நாளாக ஒரு கோரிக்கைகூட இல்லை. திரையில் மட்டும் எல்லாம் பச்சை. புத்தாண்டுக்கு ஆடு வாங்கப் போயிருப்பார்கள் என்று சிரித்தார் மேலாளர். ஸெனெபெச் டெப்ரே பிர்ஹான் ஊர் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். நர்ஸ் லெம்லெம் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாளா கேக்குறோம்டி. பதினோரு வயசுப் பொண்ணு. இன்சுலின் இன்னிக்கு ராத்திரியோட தீருது. அங்க என்ன தூங்குறீங்களா?"

மாதம் பதின்மூன்று என்று கண்டதும், தப்பான தேதி என்று அத்தனை கோரிக்கைகளையும் கனெக்டர் ஒதுக்கியிருந்தது. ஒரு எச்சரிக்கை கிடையாது.

பட்டியலில் ஏறாத மருந்து கிடங்கைவிட்டு வெளியே போகாது. கனெக்டர் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார் தெஸ்ஃபாலெம். அவள் எல்லா ஊருக்கும் போன் போட்டு நாற்பத்தொரு கோரிக்கைகளையும் கையாலேயே ஏற்றினாள். பதின்மூன்று என்று கண்டு மறுபடி ஒதுக்கிவிடாமலிருக்க, எல்லாவற்றுக்கும் போன மாதக் கடைசித் தேதி. மதிய பஸ்ஸில் இன்சுலின் ஐஸ் பெட்டி டெப்ரே பிர்ஹானுக்குப் போயிற்று.

மறுநாள் எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, பொய்த் தேதி போட்டதற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார் மேலாளர். அவள் குரல் தாழ்ந்தது.

"தெஸ்ஃபாலெம் சார், பொய்த் தேதி போட்டது நான்தான். அந்தப் பொண்ணு இன்னிக்குக் காலைல ஊசி போட்டுக்கிட்டா. உங்க மெஷின் கணக்குல அவளுக்கு இன்னிக்குன்னு ஒரு நாளே இல்ல. அந்தப் பொய்க்கு யாரு கடிதம் எழுதுறது?"

அவளைத்தான் வேறு ஊருக்கு மாற்றினார்கள், கனெக்டரை மாற்றவில்லை. அடுத்த பகுமே வரட்டும். போன் நான் போடுவேன், தேதியும் நானே போடுவேன்.